பருப்புத் தண்ணீரில் பருப்பு இல்லை: ஆறு மாதக் குழந்தைக்கு முதல் சோறு

என் மூத்த மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் நான் செய்த முதல் உணவு பருப்புத் தண்ணீர். துவரம்பருப்பைக் குக்கரில் வேகவைத்து, மேலே தெளிந்து நின்ற நீரை மட்டும் வடித்து, ஒரு சொட்டு நெய் விட்டுப் பாலாடையில் ஊற்றினேன். அடியில் கிடந்த பருப்பு எங்கள் சாம்பாருக்குப் போனது. ஒன்றரை மாதம் இப்படியே ஓடியது. எடை பார்க்கப் போனபோது அங்கன்வாடி அக்கா அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, "கோடு படுத்துருச்சே, என்ன குடுக்குறீங்க?" என்றார். சொன்னேன். "பருப்ப நீங்க சாப்ட்டுட்டு தண்ணிய புள்ளைக்குக் குடுத்தீங்களாக்கும்?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது பிள்ளைக்கு அந்தத் தப்பைச் செய்யவில்லை. வேறு சில தப்புகள் செய்தேன், அவற்றையும் சொல்கிறேன். முதல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் எதைப் போடுவது என்று குழம்பி நிற்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

எப்போது ஆரம்பிப்பது

ஆறு மாதம் நிறைந்ததும், அதாவது 180 நாள் ஆனதும். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும். வெயில் காலமானாலும் தண்ணீர்கூட வேண்டாம். நாள் கணக்கோடு குழந்தையையும் பாருங்கள். கழுத்து நன்றாக நிற்க வேண்டும். பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கையையே பார்த்து வாயைச் சப்புக்கொட்ட வேண்டும். ஸ்பூனை வைத்தால் நாக்கு அதை வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எந்த நாளில் ஆரம்பிப்பது என்று மருத்துவர் கணக்குப் போட்டுச் சொல்வார்.

நான்காம் மாதமே "புள்ள பாக்குது, ஒரு வாய் குடு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதைவிட அதிகம் நடப்பது தாமதம்தான். குலதெய்வக் கோவிலில் சோறு ஊட்ட வேண்டும், குருவாயூருக்கு நேர்ந்திருக்கிறோம், மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று எட்டாம் மாதம் வரை போய்விடும். நேர்த்திக்கடனை அதற்குரிய நாளில் செய்துகொள்ளுங்கள். வீட்டுக் கிண்ணத்தை ஆறு முடிந்ததுமே எடுத்துவிடுங்கள். பிறக்கும்போது குழந்தை சேர்த்து வைத்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் தீர ஆரம்பிக்கிறது. தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு அதற்குமேல் போதாது.

முதல் வாரம்

வாங்க வேண்டியது அதிகமில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், முனை மழுங்கிய சின்ன ஸ்பூன், நாலைந்து பழைய பருத்தித் துணி. பாலாடையும் சங்கும் இதற்கு வேண்டாம், அவை நீர்ப்பொருளுக்கு உரியவை. கெட்டியான உணவு அதில் இறங்காது என்பதால், நம்மை அறியாமலேயே உணவைத் தண்ணீராக்கத் தொடங்குவோம். பால் பாட்டிலில் கூழ் ஊற்றி நிப்பிளை வெட்டிக் கொடுப்பது இன்னும் மோசம்.

முதல் உணவாக அரிசியும் பாசிப்பருப்பும் நல்ல தேர்வு. இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு இரண்டையும் கழுவி, மூடியுள்ள சின்னக் கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு வையுங்கள். அதை நீங்கள் சோறு வைக்கும் குக்கருக்குள்ளேயே இறக்கிவிடலாம், தனியாக கேஸ் செலவு இல்லை. குழைந்து வெந்ததும் சூடாக இருக்கும்போதே கரண்டியின் பின்பக்கத்தால் மசியுங்கள். அரை டீஸ்பூன் நெய். உப்பு வேண்டாம்.

இப்போது பதம் பாருங்கள். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் உடனே வழிந்து ஓடக்கூடாது. ஒரு நொடி தயங்கி நின்று, பிறகு பொத்தென்று விழ வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தப் பதத்தை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மி.லி. தான் கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு டம்ளர் அளவுதான் இடம். அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோறு எங்கே போகும்? ஆறிலிருந்து எட்டு மாதம் வரை, தாய்ப்பால் போக, உணவிலிருந்து மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி வர வேண்டும். கஞ்சித் தண்ணீர், காய்கறி சூப், ஆப்பிள் ஜூஸ், என் பருப்புத் தண்ணீர் எல்லாம் வயிற்றை நிறைக்குமே தவிர இந்தக் கணக்கை நிறைக்காது.

காலை பத்து மணி வாக்கில் ஆரம்பியுங்கள். தூக்கக் கலக்கமும் கூடாது, பசியில் கத்திக்கொண்டும் இருக்கக்கூடாது; கொஞ்சம் பால் குடித்து அரைமணி நேரம் ஆகியிருந்தால் சரியாக இருக்கும். காலையில் கொடுப்பதில் இன்னொரு வசதி உண்டு. புது உணவு ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ வாந்தியோ வந்தால் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும், மருத்துவமனைக்குப் போகப் பகல் பொழுது மீதியிருக்கும். உதடோ முகமோ வீங்கினாலும் மூச்சு இழுத்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைத்து ஊட்டவே கூடாது. முதல் நாள் இரண்டு ஸ்பூன் உள்ளே போனால் பெரிய வெற்றி. பாதி வாயில், பாதி தாடையில், கொஞ்சம் உங்கள் நைட்டியில். முகத்தைச் சுளித்தால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அதற்கு அது ஒரு புது அனுபவம், அவ்வளவுதான். மூன்று நான்கு நாளில் இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு வந்துவிடும், பிறகு இரண்டு வேளையாக்கலாம். பாலைக் குறைக்க வேண்டாம்.

கேழ்வரகுக் கூழும் ஒரு சின்ன வித்தையும்

நம் ஊரில் கேழ்வரகு இல்லாமல் குழந்தை வளர்ந்ததில்லை. சுண்ணாம்புச்சத்தில் அரிசியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது: 100 கிராமில் 350 மி.கி. வாக்கில் இருக்கிறது. முளைகட்டிச் செய்வதுதான் சிறப்பு. இரவு ஊறவைத்து, காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். நிழலில் உலர்த்தி, மணம் வரும்வரை லேசாக வறுத்து, அரைத்துச் சலித்து வையுங்கள். வறுக்கும் முன் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து, வறுக்காமல் அரைத்து ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். அது எதற்கு என்று சொல்கிறேன்.

கூழ் காய்ச்சும்போது எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான். மாவு கூடினால் களியாகிவிடும், குழந்தையால் விழுங்க முடியாது. தண்ணீர் கூடினால் சத்து போய்விடும். களிப் பதத்தில் கெட்டியாகவே காய்ச்சி, அடுப்பை அணைத்து, கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போது அந்த வறுக்காத முளைமாவில் ஒரு கால் டீஸ்பூன் தூவிக் கிளறுங்கள். ஐந்தே நிமிடத்தில் கூழ் இளகிவிடும். முளைக்கும் தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடுவதால்தான் இப்படி ஆகிறது. தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை, ஆனால் ஸ்பூனில் இறங்கும் பதம் வந்துவிட்டது. பிறகு ஒரு கொதி விட்டு இறக்கிவிடுங்கள், பச்சை மாவு சேர்த்திருக்கிறோம் அல்லவா. முதல் தடவை இதைப் பார்த்தபோது என் அத்தை, "என்ன மந்திரம் போட்ட?" என்று கேட்டார்கள். வறுத்த மாவில் இது நடக்காது. சூட்டில் நொதி செத்துவிடும்.

அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து சத்துமாவு கொடுக்கிறார்கள். பாக்கெட் எளிமையாக இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள், தானியமும் பருப்பும் கலந்த நல்ல மாவு. அதில் வெல்லம் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், நீங்கள் மேற்கொண்டு இனிப்புப் போட வேண்டாம். கடையில் விற்கும் டப்பா உணவுகளைப் பற்றி ஒரு செய்தி மட்டும்: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பால்மாவுக்கும் டப்பா உணவுக்கும் இந்தியாவில் விளம்பரம் செய்யவே கூடாது. 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட சட்டம் அது.

இரும்பு

சோறு பருப்பு பழகியதும், இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே, இரும்புச்சத்துக்கு வழி பாருங்கள். "கறி, முட்டையெல்லாம் ஒரு வயசுக்கு மேலதான்" என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. நன்றாக வெந்த முட்டையை மஞ்சள் கரு, வெள்ளைக் கரு இரண்டோடும் மசித்து ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கலாம். ஆட்டு ஈரலை வேகவைத்து அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்துப் பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் சேர்த்தால் போதும். வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிகுதி. மீன் என்றால் சின்ன மீன்கள் நல்லது, முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், குழந்தைக்குத் தவிருங்கள்.

சைவ வீடுகளில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். முருங்கைக்கீரை, பருப்பு, ராகி இவற்றில் இருக்கும் இரும்பு உடம்பில் அவ்வளவு சுலபமாகச் சேராது. கூடவே நாலு சொட்டு எலுமிச்சைச் சாறோ மசித்த தக்காளியோ நெல்லிக்காயோ போனால் நன்றாகச் சேரும். டீ அதற்கு நேர் எதிரி. டீயில் ரொட்டி நனைத்துக் கொடுக்கும் தாத்தாக்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இதுபோக, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். (பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிவப்பாகப் போகும். வாழைப்பழத்துக்குக் கருப்பு நூல் நூலாக வரும், புழு என்று நினைத்து நான் ஒரு டாக்டரை ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.)

வேர்க்கடலையையும் தள்ளிப்போடத் தேவையில்லை. 2015-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு ஒரு வயதுக்கு முன்பே கடலையை உணவில் கொடுத்துவந்தபோது, ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. வறுத்துத் தோல் நீக்கி மாவாக அரைத்துக் கூழில் கலந்துதான் கொடுக்க வேண்டும். முழுக்கடலை ஐந்து வயது வரை கூடாது. குழந்தைக்குக் கடுமையான கரப்பான் என்ற தோல் நோய் இருந்தாலோ, முட்டை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கொடுக்கக் கூடாதவை

தேன். ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூட வேண்டாம். பிறந்ததும் தேன் தொட்டுச் சேனை வைப்பது, மருந்தைத் தேனில் குழைப்பது, நாக்கில் தடவுவது எல்லாம் சேர்த்துத்தான். தேனில் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அவை முளைக்காது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும். காய்ச்சினாலும் வித்துகள் சாகாது. பாட்டி வருத்தப்படுவார்கள் என்றால் வருத்தப்படட்டும். மற்ற எல்லாவற்றிலும் நான் விட்டுக்கொடுத்தேன், இதில் கொடுக்கவில்லை.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று கேட்பது நம் நாக்குதான், குழந்தைக்கு உப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. பசும்பாலைக் கூழ் காய்ச்சக் கொஞ்சம் சேர்க்கலாம், தயிர் தரலாம். ஆனால் தாய்ப்பாலுக்குப் பதிலாக டம்ளர் டம்ளராகக் கொடுப்பதை ஒரு வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்டைப் பாலில் கரைத்துக் கொடுப்பது சர்க்கரையும் மைதாவும் ஊட்டுவதுதான்.

கட்டியும் புரையேறலும்

இரண்டாவது பிள்ளைக்கு நான் செய்த தப்பு இது. பயத்தில் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தே கொடுத்தேன். பத்து மாதத்தில் ஒரு சோற்றுப் பருக்கை வாயில் பட்டாலும் குமட்டினான். எட்டாம் மாதத்திலிருந்து கையால் பிசைந்து, சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கும்படி கொடுக்க வேண்டும். ஒன்பதில் இட்லித் துண்டு, வேகவைத்த கேரட் நீளத்துண்டு, நேந்திரம்பழத் துண்டு எனக் கையில் கொடுத்துவிடுங்கள். பல் இல்லாவிட்டாலும் ஈறால் நசுக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தால் போதும்.

கட்டி பழகும்போது குழந்தை ஓங்கரிக்கும். முகம் சிவக்கும், இருமும், சத்தம் வரும், உணவை முன்னால் தள்ளும். அது தன்னைத்தானே காத்துக்கொள்கிறது, நீங்கள் அலறாமல் பக்கத்தில் இருந்தால் போதும். சத்தமே இல்லாமல், இருமல் வராமல், அழ முடியாமல், உதடு நீலமாக மாறினால்தான் ஆபத்து. அப்போது ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்தமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பின் மேல் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். குழந்தை துவண்டு நினைவிழந்தால் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாய்வழியாக மூச்சுக் கொடுக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். அதை 108-ல் போனிலேயே கேட்டுச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் தேடாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். இந்த முறை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் தலையணையை வைத்து ஒருமுறை செய்து பழகிவிடுங்கள்.

முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், பாப்கார்ன், புளியங்கொட்டை இவையெல்லாம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். அக்கா அண்ணன் இருக்கும் வீட்டில் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள், அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

வாயை மூடிக்கொண்டால்

முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் ஒரு வேளை நீளக்கூடாது. மூக்கைப் பிடித்து, கையைக் கட்டி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. உணவு என்றாலே பயமும் வந்துவிடும். ஒரு புது ருசியை எட்டுப் பத்து தடவை வெவ்வேறு நாளில் கொடுத்துப் பார்த்த பிறகே பிடிக்கவில்லை என்று முடிவுக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் கீரைக்கு ஒன்பதாவது தடவை விடை கிடைத்தது. செல்போன் காட்டினால் வாய் திறக்கும், உண்மைதான். ஆனால் பசி எப்போது தீர்ந்தது என்று அதற்கே தெரியாமல் போய்விடும். மொட்டை மாடியில் நிலா காட்டினால் குழந்தை உங்கள் முகத்தையும் பார்க்கும், போனைக் காட்டினால் பார்க்காது.

அளவு என்று பார்த்தால், எட்டு மாதத்துக்குள் 250 மி.லி. கப்பில் அரைக் கப் அளவு, இரண்டு மூன்று வேளை. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அரையிலிருந்து முக்கால் கப், மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்காலிலிருந்து ஒரு கப், நடுவில் பழம் மாதிரி ஏதாவது. எல்லாக் குழந்தையும் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு வருவதில்லை. மாதம் ஒருமுறை எடை பாருங்கள், அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை எவ்வளவு சாப்பிடுகிறது என்பது உங்களுக்கு வேண்டாத செய்தி.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை இந்த மாதங்களில் டம்ளரில் ஓரிரு வாய் பழக்கலாம். நம் வெயிலில் சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, எச்சில் பட்ட மீதியை எடுத்து வைக்காதீர்கள். வயிற்றோட்டம் வந்தால் சாப்பாட்டை நிறுத்திப் பட்டினி போடுவது பழைய பழக்கம், அது தவறு. பாலும் மசித்த சோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரட்டும். ஒவ்வொரு முறை போனபின்பும் ஓ.ஆர்.எஸ். கரைசல் 50 முதல் 100 மி.லி. வரை, கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, எதைக் கொடுத்தாலும் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு வயதை நெருங்கும்போது தனிச்சமையலை நிறுத்திவிடலாம். சாம்பாரில் உப்பும் மிளகாய்த்தூளும் போடும் முன் ஒரு கரண்டிப் பருப்பையும் காயையும் எடுத்து வைத்துவிடுங்கள். அதைச் சோற்றில் பிசைந்து, எல்லோரும் உட்காரும்போது பக்கத்தில் ஒரு தட்டில் போட்டு வையுங்கள். பாதியை அதுவே அள்ளித் தின்னும், மீதி தரையில் கிடக்கும். துணி ஒன்று கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.